விதி இருக்கிறது, திடல் இல்லை
சிலாங்கூர் மந்திரி பெசாருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மந்திரி பெசார் அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். மானியமோ வரிச்சலுகையோ கேட்கவில்லை. ஒரு திடல் கேட்கிறேன். ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்களைச் செய்து, திருத்தி, பறக்கவிடுகிற எங்களுக்குச் சட்டத்துக்கு உட்பட்டுப் பறக்கவிட ஒரு நிரந்தர இடம் வேண்டும். வான்வெளி மத்திய அரசுடையது, நிலம் மாநிலத்துடையது. அதனால்தான் இந்த மடல் புத்ராஜெயாவுக்குப் போகாமல் ஷா ஆலமுக்கு வருகிறது.

'ஆர்.சி. பிளேன்' என்றதும் பிள்ளைகள் விளையாட்டு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைப்பவர்கள் ஒரு விமானம் உருவாவதை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பால்சா மரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அறுத்து, விலா எலும்பு போல அடுக்கி, ஒட்டி இறக்கை கட்டுவார்கள். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையை இஸ்திரிச் சூட்டில் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போர்த்துவார்கள். பால்சா வாங்க வசதி இல்லாதவர்கள் நுரைப்பலகையில் செய்வார்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் அட்டையைக்கூட விடுவதில்லை. கம்பியும் கனெக்டரும் தேடி ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் ஏறி இறங்குவது இந்தப் பொழுதுபோக்கில் பாதி.

கட்டி முடித்த விமானத்தை இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்ப்போம். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே எடைமையம் விழ வேண்டும். மூக்கு கனத்தால் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தால் பெரும்பாலும் அன்றோடு சரி. மெத்தனால் ஊற்றி ஓட்டிய பழைய எஞ்சினைக் கழற்றி மின்மோட்டார் பொருத்துபவருக்குக் கணக்கே மாறிவிடும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும், 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், அதை எங்கே வைத்தால் எடைமையம் நகராது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியில் இயற்பியல் பிடிக்காமல் போன பையன்கூட இந்தக் கணக்கை மட்டும் யாரும் சொல்லாமலே போடுவான், தப்பாகப் போட்டால் விமானம் திரும்பி வராது என்பதால்.

இந்தக் கைவேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2003 ஆகஸ்டில் அமெரிக்கரான மேனார்ட் ஹில்லின் குழு, 5 கிலோவுக்கும் குறைவான ஒரு பால்சா விமானத்தைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கையால் எறிந்து ஏவியது. ஏறக்குறைய 39 மணி நேரம் அட்லாண்டிக் கடலின்மேல் பறந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, அது அயர்லாந்துக் கரையில் இறங்கியது. அப்போது ஹில்லுக்கு வயது 77. கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள் எங்களையும் டிரோன்களையும் சேர்த்தே 'ஆளில்லா விமானம்' என்ற ஒரே பட்டியலில் வைக்கின்றன. தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. விமான நிலையங்களைச் சார்ந்த கட்டுப்பாட்டு வான்வெளியில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. இயக்குபவரின் கண்பார்வையை விட்டு விமானம் விலகக் கூடாது. கேமரா பொருத்தியிருந்தால் ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இவற்றில் எதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களில் பொறுப்பானவர்கள் சட்டம் வருவதற்கு முன்பே இப்படித்தான் பறக்கவிட்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சுபாங் விமான நிலையம், இன்னொரு பக்கம் கே.எல்.ஐ.ஏ. நடுவே வீடும் கடையும் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சதுர அடி வெற்றிடம் இருந்தாலும் அதன்மேல் ஒரு கோபுரத்துக்கு வரைபடம் தயாராக இருக்கும். கிள்ளான், காப்பார், மேரு பக்கம் ஒருகாலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு திடல் இருந்தது. தோட்டங்கள் குடியிருப்புத் தாமான்களாக மாறியபோது அந்தத் திடல்களும் பெரும்பாலும் போய்விட்டன. மிஞ்சியவற்றில் காலை நடைக்கு வருபவர்களும் பந்து விளையாடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் பறக்கவிட எங்களுக்கே மனம் வராது. குளமே இல்லாத ஊரில் குளத்தில் மட்டுமே நீந்த வேண்டும் என்று பலகை வைத்ததுபோல் இருக்கிறது எங்கள் நிலை. ஆகவே வீடு கட்டத் தொடங்காத காலிமனைகளில் பறக்கவிடுகிறோம். வேலி வந்ததும் அடுத்த மனைக்குப் போகிறோம். சட்டத்தை மதிக்க நினைப்பவனும் இப்படித் திருட்டுத்தனமாக ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

அதிகாரிகளின் அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 17 அன்று சுபாங்கில் இறங்கவிருந்த ஒரு சிறுவிமானம் எல்மினா பக்கம் சாலையில் விழுந்து, அதில் இருந்த 8 பேரும் சாலையில் போய்க்கொண்டிருந்த 2 பேரும் மாண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் சுபாங்கிலிருந்து கிளம்பிய ஓர் இலகுரக விமானம் காப்பாரில் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் இறந்தார்கள். இரண்டுக்கும் மாதிரி விமானங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் எங்கள் தலைக்கு மேலுள்ள வானம் எவ்வளவு நெருக்கடியானது என்பதை இந்த வட்டாரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்: யார், எப்போது, எங்கே பறக்கவிடுகிறார் என்று தெரியாத நிலைதான் ஆபத்து. ஒரே திடல், பதிவேட்டில் பெயர், குறித்த நேரம் என்று வந்துவிட்டால் சுபாங் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கே அது நிம்மதி.

டிரோனையும் எங்கள் விமானத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. இன்றைய கேமரா டிரோன் கைவிட்டாலும் ஜி.பி.எஸ். துணையோடு இருந்த இடத்தில் நிற்கும்; அடுக்குமாடி பால்கனியிலிருந்தும் ஏற்றலாம். இறக்கை உள்ள மாதிரி விமானம் அப்படி நிற்காது. ஓடி ஏற, இறங்க, வெட்டிய புல்தரை வேண்டும். பிரதமர் அலுவலகத்தையோ அண்டைவீட்டுச் சன்னலையோ எட்டிப் பார்க்க அதைக் கொண்டு யாரும் முயல மாட்டார்கள். திடல் போன்ற வெளி இல்லாமல் எங்களால் பறக்கவிடவே முடியாது என்பதால், ஒரு திடலைக் கொடுத்தாலே எங்களை ஒழுங்குபடுத்தியதாகிவிடும்.

மற்ற நாடுகள் இப்படித்தான் செய்திருக்கின்றன. 1936இல் தொடங்கிய அமெரிக்க மாதிரி விமானச் சங்கத்துக்கு இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் 1,000 ஏக்கருக்கு மேல் சொந்த நிலம் இருக்கிறது. பிரிட்டன் சங்கம் பக்மின்ஸ்டரில் தேசிய மையம் நடத்துகிறது. இரு நாட்டு விமான ஆணையங்களும் சங்கங்களின் பாதுகாப்பு விதிகளை ஏற்று, அவற்றின்படி பறக்கவிட அனுமதிக்கின்றன. எங்களுக்கு 1,000 ஏக்கர் வேண்டாம். இரண்டு கால்பந்துத் திடல் நீளமும், சுற்றி ஆளில்லாத கொஞ்சம் வெளியும் போதும்.

இதில் மாநிலத்துக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். செரண்டாவில் ரோல்ஸ்-ராய்ஸ் டிரெண்ட் எஞ்சின்களுக்கு விசிறி உறை செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. சுபாங்கில் விமானப் பாகங்கள் செய்கிறார்கள். 2021 முதல் சிலாங்கூர் விமானக் கண்காட்சியை மாநிலமே நடத்துகிறது. இந்தத் தொழில்களுக்கு ஆள் வேண்டும் என்றால், காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்த பிள்ளைகள் வேண்டும். நடிகர் அஜித்குமார் மாதிரி விமானப் பித்தர் என்பது இங்குள்ள ரசிகர்களுக்கும் தெரிந்த சங்கதி. அவர் ஆலோசகராக இருந்த சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு, மருத்துவ உதவியை ஆளில்லா விமானத்தில் கொண்டுசெல்லும் போட்டியில், 2018இல் ஆஸ்திரேலியாவில் இரண்டாம் இடம் பெற்றது. பொழுதுபோக்காகக் கற்ற கை அங்கே தொழில்நுட்பமாக முதிர்ந்தது. கிள்ளானிலும் ரவாங்கிலும் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு வாய்ப்பின் முதல் படி, சனிக்கிழமை காலையில் ஒரு புல்தரையாக இருக்கலாம்.

எங்கள் கோரிக்கை மூன்று.

ஒன்று, மாநில அரசிடம் உள்ள நிலத்தில் வீடு கட்ட ஏலாத ஓர் இடத்தை, பழைய ஈயச்சுரங்க நிலமோ மூடிய குப்பைமேடோ ஆற்றோர ஒதுக்கு நிலமோ எதுவானாலும், மாதிரி விமானத் திடல் என்று அறிவியுங்கள். ஒவ்வோராண்டும் பறிபோகும் தற்காலிக அனுமதியாக அது இருக்க வேண்டாம். குறைந்தது பத்தாண்டு நிலைக்கட்டும்.

இரண்டு, மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு மாநிலமே உட்கார்ந்து பேசி, அந்த இடத்துக்கு மட்டும், குறித்த உயரத்துக்கும் நேரத்துக்கும் உட்பட்ட நிலையான அனுமதி வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு வார இறுதிக்கும் தனித்தனியாக விண்ணப்பிப்பது எங்களுக்கும் வீண், அதிகாரிக்கும் வீண். நாள் முழுக்கத் தேவையும் இல்லை. பிற்பகலில் இடியும் மழையும் இறங்கும் நம் வட்டாரத்தில் பறக்க ஏற்ற வேளை காலைதான்.

மூன்று, திடலைப் பதிவுபெற்ற ஒரு மன்றத்தின் பொறுப்பில் விடுங்கள். புல்வெட்டும் செலவும் காப்புறுதிச் செலவும் உறுப்பினர்கள் தலையில் இருக்கட்டும். புதியவர் அனுபவசாலியின் பக்கத்தில் நின்றே பறக்கவிட வேண்டும். சமிக்ஞை துண்டிக்கப்பட்டால் மோட்டார் தானாக நிற்கும் அமைப்பு ஒவ்வொரு விமானத்திலும் இருக்க வேண்டும். பறப்பதற்கு முன் தூரச் சோதனை கட்டாயம். லிப்போ பேட்டரியைத் தீப்பிடிக்காத பையிலேயே வைக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை நாங்களே முன்வைக்கிறோம். மீறுபவரை முதலில் வெளியேற்றப்போவதும் நாங்கள்தான்.

மந்திரி பெசார் அவர்களே, மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் வாக்கு வங்கி அல்ல; எங்கள் எண்ணிக்கையைக் காட்டி உங்களை அசைக்க முடியாது என்பது தெரியும். ஆனால் விதியை எழுதிய அரசுக்கு, அந்த விதியைக் கடைப்பிடிக்க ஓர் இடம் காட்டும் கடமையும் உண்டு. அடுத்த மாநில வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே, நில அலுவலகத்தையும் விமான ஆணையத்தையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எங்களையும் கூப்பிடுங்கள், வரைபடத்தோடு வருகிறோம்.



இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஒரு மாதிரி விமானப் பிரியன்