வாடகையா, லீஸா, போக்கியமா? வீட்டைப் பார்க்கும் முன் வார்த்தையைப் பாருங்க!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு தேடும் நெசவுக் குடும்பத்துக்கு, வாடகை எவ்வளவு என்பதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. ‘தறி போடலாமா?’ குழித்தறி என்றால் தரையில் பள்ளம் தோண்ட வேண்டும். காலி செய்யும்போது அதை மூடித் தருவது யார் செலவு என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

அதைத் தாண்டினால் வார்த்தைக் குழப்பம். வாசலில் தொங்கும் ‘டு லெட்’ பலகை பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. அமெரிக்காவில் அது ‘ஃபார் ரென்ட்’. லண்டனில் ‘ஃப்ளாட்’, நியூயார்க்கில் ‘அபார்ட்மென்ட்’. நாம் இரண்டையும் சேர்த்தே சொல்வோம்! லண்டனில் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்றால் படியேற வேண்டும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் தரைத்தளம். மூட்டுவலி உள்ள பாட்டியோடு மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க. ‘மேன்ஷன்’ அங்கே மாளிகை. நம்ம திருவல்லிக்கேணியில் பேச்சிலர் அறை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுக் கடக்கலாம். பணத்தில் கைவைக்கும் வார்த்தை ‘லீஸ்’தான். அமெரிக்காவில் மாதாமாதம் வாடகை கட்டுவதற்கான ஒப்பந்தமே லீஸ். பிரிட்டனில் ‘லீஸ்ஹோல்டு’ என்றால் 99, 125 ஆண்டுகள் என நீண்ட காலத்துக்கு ஃப்ளாட்டை வாங்குவது. தமிழ்நாட்டில்? லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அசலை அப்படியே திரும்ப வாங்குவது.

இதற்கு அச்சு அசல் ஜோடி தென் கொரியாவில் இருக்கிறது. பெயர் ‘ஜொன்சே’. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலைக்கு வரும் கொரியர்களிடம் நம்ம ஊர் லீஸை விளக்கவே வேண்டாம். அங்கே முன்பணத்தைத் திருப்பித் தராத மோசடிகள் பெருகி, பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

சிக்கல் இங்கேயும் அதுதான். தெற்கே ஒத்தி, வடக்கே போக்கியம் என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்னது, வீட்டை அடமானமாக எழுதி வாங்கி அதில் குடியிருப்பது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. பத்திரம் பதிவாகும், வில்லங்கச் சான்றில் தெரியும், பணம் திரும்பும்வரை வீட்டின் மீது உரிமை இருக்கும். இப்போதைய லீஸில் பலர் கையில் இருப்பதோ ஒரு முத்திரைத்தாள் மட்டும். வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அது ஏலத்துக்குப் போனால், வங்கிதான் முன்னால் நிற்கும். சேலை சேலையாக நெய்து சேர்த்த பணம் பின்னால் நிற்கும்.

அதனால், ‘லீஸ்’ என்று ஓனர் சொன்னால், ‘போக்கியமாகப் பதிவு பண்ணித் தருவீங்களா?’ என்று கேளுங்கள். தயங்கினால் யோசியுங்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். அதில் ஏறாத அடமானமும் இருக்கலாம் என்பதால், அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ‘பேங்க்ல இருக்கு’ என்றால் பதில் கிடைத்துவிட்டது.

மாத வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சென்னையில் 10 மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் 3 மாத வாடகை என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால், அட்வான்ஸ் விஷயத்தில் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை’ என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.