ஏட்டைத் திருத்தக் கேட்போருக்கு

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் நம் பங்குகளில் பெருகி வருகிறது. பாட்டனாரின் நூற்றாண்டுக்கு மலர் வெளியிட வேண்டும், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு வம்ச வரிசையைச் சட்டமிட்டுக் கொடுக்க வேண்டும் என்று பலர் பங்கு அலுவலகத்துக்கு வருகிறார்கள். நல்ல ஆர்வமே. ஆனால் ஏட்டை வாசித்து முடித்ததும் அவர்களில் சிலர் நம்மிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "சாமி, இந்த வரியைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்." இதைக் குறித்து இனியும் வாய்மூடியிருக்க நம்மால் இயலவில்லை.

கடந்த ஆண்டு ஒரு குடும்பத்தார் வந்தனர். கற்றவர்கள், கோயில் காரியங்களுக்கு வாரி வழங்குபவர்கள். 1920களின் திருமுழுக்கு ஏட்டில் அவர்களுடைய பாட்டியாரின் பதிவைக் கண்டெடுத்தோம். தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாத்ரே இஞ்ஞோத்தோ' என்று இலத்தீனில் எழுதப்பட்டிருந்தது. பொருளைச் சொன்னோம்: தந்தை அறியப்படாதவர். எல்லோருடைய முகமும் கறுத்தது. குடும்பத்தில் வழங்கிவரும் ஒரு பெயரை அங்கே எழுதிவிடும்படி மூத்தவர் கேட்டார். அந்தப் பக்கத்தை இனி எவருக்கும் காட்டலாகாது என்றார் இளையவர். இரண்டுக்கும் மறுத்தோம். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சாமி விசாரியாமல் எழுதியதற்கு இத்தனை மதிப்பா என்று கடிந்துகொண்டே எழுந்து போனார்கள்.

அந்தச் சாமி விசாரியாமல் எழுதவில்லை. அவர் சட்டத்தின் சொல்லை எழுதினார். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 777ஆம் எண்ணில், திருமணத்திற்குப் புறம்பே பிறந்த பிள்ளையின் பதிவைக் குறித்து விதிக்கிறது. தந்தை தாமே முன்வந்து கேட்டாலொழிய, அல்லது பொது ஆவணத்தால் அறியப்பட்டாலொழிய, அவர் பெயரைக் குரு எழுதலாகாது. 'அறியப்படாதவர்' என்றே எழுத வேண்டும். ஊரே அறிந்திருந்தாலும் அவ்வாறே. ஆகவே இச்சொல் தாயின் அறியாமையைக் குறிப்பதன்று, அவள் ஒழுக்கத்தை அளப்பதுமன்று; ஏட்டுக்கு வேண்டிய சான்று இல்லை என்பதே அதன் பொருள். அவப்பெயருக்கு இடம் தரலாகாது என்று பழைய உரோமைச் சடங்கு நூலும் குருவை எச்சரித்திருந்தது. 1983ஆம் ஆண்டின் சட்டமோ (எண் 877) 'அறியப்படாதவர்' என்ற சொல்லையே நீக்கி, சான்றில்லாதபோது பிள்ளையின் பெயரை மட்டும் எழுதப் பணிக்கிறது. காக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்ட சொல்லை எடுத்து, இறந்துபோன ஒரு தாயின்மீது எறிகிறவர்கள் அவளுடைய கொள்ளுப்பேரர்களே.

இலத்தீன் அறியாமையால் விளையும் இன்னொரு விபரீதத்தையும் நாம் கண்டதுண்டு. ஒருவரின் பாட்டனார் திருமுழுக்கு ஏட்டில் 'யோவான்னெஸ்' என்பவரின் மகன். பின்னாளில் தமிழில் எழுதப்பட்ட மண ஏட்டில் அருளப்பனின் மகன். பாட்டனாரின் தாய் இருமுறை மணந்தவள் என்று முடிவுகட்டி, அதை மலரிலும் அச்சிட்டுவிட்டார்கள்! அருளப்பனும் யோவான்னெசும் ஒருவரே. ராயப்பன் 'பேத்ருஸ்' ஆவார், சின்னப்பன் 'பவுலுஸ்' ஆவார், ஞானப்பிரகாசம் 'அலோசியுஸ்' ஆவார். யாகப்பனும் சந்தியாகுவும் வீட்டில் இருவர். இலத்தீனிலோ இருவருமே 'யாக்கோபுஸ்'. முத்துக்குளித்துறையில் 1535 முதல் 1537 வரை திருமுழுக்குப் பெற்ற மக்களிடையே போர்த்துக்கீசியப் பெயர்கள் வேரூன்றின. இரு வீட்டார் பெர்னாந்து என்பதால் ஒரே குருதி என்று கொள்வதற்கில்லை. லிஸ்பனில் முப்பாட்டனைத் தேடுவது அதனினும் வீண். 'நிபந்தனையோடு திருமுழுக்கு' என்ற குறிப்பைக் கண்டு பிறப்பில் ஐயம் என்று கலங்குவோரும் உளர். மருத்துவச்சியோ உபதேசியாரோ அவசரத்தில் ஊற்றிய நீர் முறைப்படி ஊற்றப்பட்டதா என்பதே அங்குள்ள ஐயம். இனி, பதுரவாதோ குருக்களும் புரொப்பகாந்தா குருக்களும் எதிரெதிரே நின்ற காலத்தில், சிறப்பாக 1838க்குப் பின், ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இரு கோயில்களின் ஏடுகளில் சிதறிக் கிடக்கலாம். ஒன்றில் பெயர் இல்லாததால் ஆள் இல்லாமற் போவதில்லை.

குழப்பமான வம்சப் பதிவு திருச்சபைக்குப் புதிதன்று. யோசேப்பின் தந்தை யாக்கோபு என்கிறார் மத்தேயு (1:16). ஏலி என்கிறார் லூக்கா (3:23). 2ஆம் நூற்றாண்டில் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகக் கோத்த தாசியான் வம்ச வரிசைகளை விட்டுவிட்டார். சிக்கல் தீர்ந்தது! சிரியத் திருச்சபை அந்நூலை நெடுங்காலம் வாசித்தும், 5ஆம் நூற்றாண்டில் அதைக் கைவிட்டு நான்கு நற்செய்திகளையும் தனித்தனியே ஏற்றது. 3ஆம் நூற்றாண்டின் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் வேறு வழியில் சென்றார். மகப்பேறின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணந்து அவன் பெயருக்குச் சந்ததி எழுப்பும் யூத வழக்கத்தைச் சுட்டி, ஒருவர் பெற்ற தந்தை, மற்றவர் சட்டத்தின்படி தந்தை என்று விளக்கினார். அவர் விளக்கத்தை ஏற்காதவர்கள் உண்டு. ஆயினும் எழுதியவனின் வழக்கத்தை அறிந்து வாசிக்க முயன்றாரேயன்றி, ஒரு பெயரையும் அவர் அழிக்கவில்லை.

குற்றம் பொதுநிலையினர்மீது மட்டுமா? நம் குருக்களில் சிலர் நன்கொடையாளர் மனம் கோணலாகாதென்று பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். கிழிந்த ஏட்டைப் படியெடுக்கும் சாக்கில் சாதிப் பத்தியை விட்டுவிட்டவர்களும் உண்டு. அந்தப் பத்தி நம் வெட்கம், மறுக்கவில்லை. ஆனால் அதை அழித்தால், தலித் மக்கள் திருச்சபைக்குள்ளேயே பட்ட பாட்டுக்கு நம் கையால் எழுதிய சாட்சியும் அழிந்துபோகும். பழைய ஏடுகளைக் கவனமாய்ப் பேண வேண்டும் என்று சட்டம் (எண் 535) நமக்கே கட்டளையிடுகிறது. உண்மையான பிழையென்று சான்றோடு நிறுவப்பட்டால், ஆயரகத்தின் அனுமதியோடு, நாளிட்டு ஓரத்தில் குறிப்பெழுதலாம். பழைய வரி அப்படியே நிற்க வேண்டும்.

அக்குடும்பத்தார் அவசரத்தில் வாசியாமல் விட்ட ஓர் இடம் அப்பதிவில் உண்டு. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமுழுக்கு ஏட்டில் தவறாமல் எழுதப் பணித்தது ஞானப்பெற்றோரின் பெயரைத்தான்; அவர்கள் பிள்ளைக்கு ஆவிக்குரிய உறவினர், அவ்வுறவு மணத்தடையாகவும் இருந்தது. பாட்டியாரின் பதிவில் ஞானத்தாயாக நிற்பவர் அவ்வூர் உபதேசியாரின் மனைவி. பிள்ளைக்கு இடப்பட்டதும் அவர் பெயரே. தந்தையின் பெயரில்லாத பிள்ளையை ஊரறியக் கையிலேந்தித் தம் பெயரைக் கொடுத்தவரின் வழிவந்தோர் இன்றும் கோயில் தெருவில் மூன்றாம் வீட்டில் இருக்கிறார்கள். மலருக்காக ஊரெல்லாம் விசாரித்தவர்கள் அந்த வீட்டுக் கதவை இதுவரை தட்டவில்லை.