"ஒண்டுமில்லை மச்சான்" என்பதற்கு எத்தனை புள்ளி?

ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்துப்போட்டு, அவனிட்ட ஒரு படிவத்தை நீட்டி "பதற்றமாக இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "இல்லை" எண்டுதான் வரும்.

பாலியல் தொற்றுப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்போது ஆண்களின் மனம் என்ன பாடுபடுகிறது என்பதை அளக்க, தயாராகவே சில கேள்விக்கொத்துகள் இருக்கின்றன. 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக உருவாக்கியது ஒன்று. 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. பதற்றத்தையும் மனச்சோர்வையும் பிடிக்கும். ஆனால் வெட்கத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. கோபத்தைப் பற்றியும் இல்லை. எங்கட பொடியளுக்கு முதலில் வருவது அந்த இரண்டும்தானே? "வீட்டுக்குத் தெரிஞ்சா?" "ஆர் எனக்குத் தந்தது?"

1979இல் ஹொரோவிட்ஸ் குழுவினர் செய்த அளவுகோல் கொஞ்சம் கிட்ட வருகிறது. அதன் 15 கேள்விகளில் 8, நடந்ததை நினைக்காமல், கதைக்காமல் தவிர்ப்பதைப் பற்றியவை. "ஒண்டுமில்லை" என்பவன் அங்கே மாட்டுப்படுவான்.

இது வெறும் ஆராய்ச்சிப் பிரச்சினை இல்லை. சிபிலிஸ், கொனோரியா, கிளமீடியா மூன்றும் மருந்தில் மாறும். ஆனால் அவன் வாயை மூடிக்கொண்டு தான் மட்டும் மருந்தெடுத்தால், துணையிடம் தொற்று அப்படியே இருக்கும். அவனுக்கும் திரும்ப வரும். கிளமீடியா பல பெண்களில் அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறே இல்லாமல் போகலாம். பிறகு "மலடி" என்ற பேர் ஆருக்கு? அவனுக்கில்லை. ஓர் ஆணின் வெட்கத்துக்கு ஒரு பெண்ணின் உடம்பு விலை கொடுக்கிறது.

ஆகவே என்ன உணர்கிறாய் என்று மட்டும் கேட்காமல், என்ன செய்தாய் என்றும் கேட்க வேண்டும். ஆரிட்ட சொன்னாய்? நித்திரை வந்ததா? குடி கூடினதா? துணையைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாயா? முடிவு வந்த அன்றைக்கும் சில கிழமை கழித்தும் கேட்க வேண்டும். "நெகட்டிவ்" வந்தவனிடமும்தான். நிம்மதியில் ஆணுறையை மறந்துவிட்டானா என்று தெரிய வேண்டாமா?

எங்கட அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரம் இரகசியம். வாசல் திறந்துதான் கிடக்கு. உள்ளே போய் வந்தவன் மனதில் என்ன இருக்கு என்று பொறுமையாகக் கேட்கத்தான் நாங்கள் இன்னும் பழகவில்லை.