14 சதவீத விரல்

பவர் பிரஸ்ஸில் சிக்கி ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம். எலும்பு தப்பி நுனி மட்டும் துண்டானால் 5. கட்டைவிரலுக்கு 30. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்லிவந்த ‘சம்பாதிக்கும் திறன் இழப்பு’ இது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இத்தகைய பட்டியல் தொடர்கிறது. விரலுக்குரியவர் கடைசல்காரரா, கணக்கெழுதுபவரா என்று பட்டியல் கேட்பதில்லை. வலக்கையா இடக்கையா என்பதுகூட அதற்கு ஒன்றுதான்.

இஎஸ்ஐ எட்டாத சிறு பட்டறையில் வேலை செய்யும் 40 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பின்படி, அவர் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்தாலும் கணக்கில் வருவது மாதம் 15,000 ரூபாய்தான். அதில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியான 184.17ஆல் பெருக்கினால், முழு ஊனத்துக்குச் சுமார் 16.57 லட்சம் வரும். வெறும் ‘ஆள்காட்டி விரல்’ என்றால் 2.32 லட்சம். இந்த இடைவெளிக்காகத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுகின்றன.

ஆனால் விபத்து நேர்ந்தபோது செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைக்கும் தகுதியிழப்பதே ‘முழு ஊனம்’ என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று 1975இலேயே உச்ச நீதிமன்றம் முழு ஊனத்தை ஏற்றது. 2010இல் ஒரு சாலை விபத்து வழக்கிலும் அது தெளிவாகப் பேசியது: மருத்துவர் சொல்லும் ஊனச் சதவீதம் வேறு, வருமான இழப்பு வேறு, சதவீதம் அந்த உறுப்புக்கா, உடல் முழுமைக்கா என்பதையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மருத்துவர் தரும் ஊனச் சான்றிதழில் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று இருக்கும்; தொழில் என்ன என்று இருக்காது. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை, படிவம் கேட்டதைத்தான் அவர் எழுதுகிறார். ஆகவே மாற வேண்டியது படிவம். காயம்பட்டவரின் தொழில், இனி அவரால் செய்ய முடியாத வேலைகள் ஆகிய இரண்டையும் அது கட்டாயமாகக் கேட்க வேண்டும். தொழிலாளிக்குத் தமிழில் ஒரு பிரதி கிடைக்க வேண்டும்.

பட்டியலைத் தளர்த்தினால் வழக்குகள் இழுபடும் என்பார்கள். பட்டியல் இருக்கட்டும், குறைந்தபட்சத் தொகையைச் சொல்லும் அளவுக்கு. அதற்கு மேல் கேட்கும் தொழிலாளியிடம், ‘பட்டியலில் இவ்வளவுதான்’ என்று சொல்லிக் கோப்பை மூடும் உரிமை எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இருக்கக் கூடாது.