ஆறு மாதக் கெடு

மோட்டார் விபத்தில் அங்கம் பழுதுபட்டவர்கள், நஷ்டஈடு கோரும் மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டுமென்று 2019-ம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் விதித்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அவ்விதி அமலுக்கு வந்தது. கெடு தவறியவர்களின் கஷ்டத்தைக் கேட்டு மன்னிக்கும் அதிகாரம் எதையும் அவ்விதியில் காணோம். அதன் செல்லுபடியை ஆட்சேபித்து வந்த மனுக்களை முன்னிட்டு, காலங்கடந்தவை என்னும் காரணத்துக்காக நஷ்டஈட்டு மனுக்களைத் தள்ளலாகாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இடைக்காலமாக உத்தரவிட்டது. அது ஆறுதலளிக்கும் செய்தியே. ஆயினும், இடைக்கால உத்தரவு தற்காலிகப் பந்தலேயன்றி நிரந்தரமான கூரையாகாது. சட்டத்தை இயற்றிய பார்லிமெண்டே அதைத் திருத்த வேண்டுமென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இவ்வுரிமை எவ்வாறு வந்தது என்பதை நேயர்கள் நினைவுகூர்தல் நலம். அந்நிய ஆட்சியில், வண்டி மோதிக் கால் இழந்தவன் சிவில் கோர்ட்டில் ஸ்டாம்புக் கட்டணம் செலுத்தி, சொத்து வழக்கைப் போல் வருஷக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸைக் கட்டாயமாக்கியது. எனினும், விபத்தில் சிக்கிய ஏழைக்கென எளிய நியாயஸ்தலம் ஒன்று ஏற்பட்டது சுயராஜ்யம் வந்த பிறகே. 1956-ல் செய்யப்பட்ட திருத்தத்தினால்தான் நஷ்டஈட்டு டிரிபியூனல்கள் தோன்றின. அப்போது காலவரையறை இருந்ததெனினும், தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் உடன் இருந்தது. 1988-ம் வருஷத்துச் சட்டம் அவ்வதிகாரத்தையும் பன்னிரண்டு மாதத்தோடு நிறுத்தியது. அதனால் விளைந்த அநீதியைக் கண்டு, 1994-ல் பார்லிமெண்ட் காலவரையறையையே அடியோடு எடுத்துவிட்டது. கால் நூற்றாண்டு சென்றபின், அதே பார்லிமெண்ட், தான் எறிந்த பூட்டைத் தேடியெடுத்து மீண்டும் மாட்டியிருக்கிறது. இம்முறை சாவியும் வைக்கவில்லை.

புரோநோட்டின் பேரில் கடன் கொடுத்தவர் அதை வசூலிக்க வழக்குத் தொடர மூன்று வருஷம் அவகாசம் உண்டு. பணத்தை இழந்தவருக்கு மூன்று வருஷம். காலை இழந்தவருக்கு ஆறு மாதம்! இவ்விரண்டையும் ஒரே தேசத்தின் சட்டப் புத்தகங்களில் படிக்கும்போது, யாருடைய சௌகரியத்தை உத்தேசித்து இக்கெடு விதிக்கப்பட்டது என்னும் சந்தேகம் எழாமலிருக்க முடியுமா?

நமது ஸ்ரீமுஷ்ணம் தாலூகாவின் நிலைமையை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் சாலையிலும் சேத்தியாத்தோப்புச் சாலையிலும் பஸ்களும், லாரிகளும், பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர்களும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் நடுவே சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வேலைக்குச் செல்கிறவர்கள் விவசாயக் கூலிகளும், முந்திரித் தோப்புத் தொழிலாளரும், விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் மண் பிசைந்து சூளை வைப்பவர்களுமே. அடிபட்டவனை முதலில் விருத்தாசலம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும், பின்னர் சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுபோகிறார்கள். எலும்பு கூட ஒரு காலம். வைத்த கம்பியை எடுக்க ஒரு காலம். புண் ஆற இன்னொரு காலம். மனைவி ஆஸ்பத்திரியில் காவல், பிள்ளைகள் பாட்டி வீட்டில், வருமானமோ பூஜ்யம். இந்நிலையில் ஆறு மாதம் கழிவது யாருக்குத் தெரியும்? 2022-ம் வருஷம் ஒன்றில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் காயமுற்றவர்கள் 4,43,366 பேர். அவ்வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடம் வகித்தது நமது தமிழ்நாடு. ஆகவே இது நமக்கு அயலார் விஷயமன்று.

மனுவை முன்னே போட்டு, ஊனச் சான்றைப் பின்னே கொடுத்தாலாகாதா என்று சட்டம் அறிந்தவர் கேட்கலாம். சட்டம் அறிந்தவருக்கு அது சுலபம். ஆனால், தனக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்பதே படுக்கையிலிருப்பவனுக்கு அப்போது விளங்குவதில்லை. சுப்ரீம் கோர்ட் 2010-ல் நீதிபதி ரவீந்திரன் எழுதிய தீர்ப்பில் ஒரு முக்கியமான தத்துவத்தை விளக்கியிருக்கிறது. டாக்டர் அளவிடும் உடல் ஊனம் வேறு. அவ்வூனத்தினால் ஒருவனுடைய தொழிலுக்கு நேரும் நஷ்டம் வேறு. இடது கை துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவர் தம் தொழிலுக்கு முற்றிலும் தகுதியற்றவராகிவிட்டார் என்று, தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்கொன்றில் அதே கோர்ட் 1975-லேயே கூறியிருக்கிறது.

இதன் பலனை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் முப்பத்தெட்டு வயதுள்ள பீங்கான் தொழிலாளி ஒருவருக்கு வலது கை வழங்காமல் போய்விட்டதென்று வைத்துக்கொள்வோம். 2017-ம் வருஷத்து அரசியல் சாசன பெஞ்சின் தீர்ப்புப்படி, எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்த்தால் மாதம் 16,800, வருஷத்துக்கு 2,01,600. அவ்வயதுக்கு உரிய பெருக்கு எண் 15. ஆக 30,24,000 ரூபாய். டாக்டர் எழுதிய 40 சதவீத ஊனத்தை மட்டும் பார்த்தால், வருமான நஷ்டத்துக்காக அவருக்குக் கிடைப்பது 12,09,600. கையில்லாமல் அத்தொழிலும் பிற தொழிலும் செய்ய இயலாது என்று ருசுவானால், முழுத் தொகையும் கிடைக்கும். வைத்தியச் செலவும், வேதனைக்கான ஈடும் இவற்றுக்கு மேல். பதினெட்டு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட இவ்வித்தியாசம் ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வுமாகும்.

கெடுவின் இன்னொரு தீமையையும் கவனிக்க வேண்டும். யார்மீது பிழையென்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்ச ரூபாய் பெறுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அம்முறையில் தர முன்வரும் தொகையை ஏற்றுக்கொண்டால், முழு நஷ்டஈடு கோரும் மனு அத்தோடு மாய்ந்துவிடும். கடன்காரன் வாசலில் நிற்க, கெடுவும் நெருங்க, கையில் வருவதை வாங்கிக்கொள் என்று பக்கத்திலிருப்பவர்கள் சொல்லும்போது, முப்பது லட்சத்துக்கு உரியவன் இரண்டரை லட்சத்துக்குக் கையெழுத்திடுவதில் ஆச்சரியமென்ன?

கெடு இல்லாவிடில் போலி வழக்குகள் பெருகும் என்பது மறுதரப்பார் வாதம். போலி வழக்குகள் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கேஸ் பிடிக்கும் தரகர்களையும், அவர்களோடு பங்கு பேசும் சில வக்கீல்களையும் நமது தொழிலினர் அனைவரும் அறிவர். ஆனால் தரகருடைய கேஸ் ஒருபோதும் கெடு தவறுவதில்லை. நாள் தவறுகிறவன், தரகரும் தேடிவராத குக்கிராமத்து ஏழையே. திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் வழிப்போக்கன் அகப்படுகிறான். போலியைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸாரின் புலன்விசாரணை; அதற்குக் காலண்டர் ஈடாகாது.

உண்மையில், இக்கெடுவையே அர்த்தமற்றதாக்கும் வழியைச் சட்டம் தன் மடியிலேயே வைத்திருக்கிறது. 2022-ல் அமலுக்கு வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸார் முதல் அறிக்கையை டிரிபியூனலுக்கு அனுப்ப வேண்டும். பத்து நாளைக்குள், அடிபட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை அவரிடம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் விரிவான அறிக்கை டிரிபியூனலுக்குச் சேர வேண்டும். அவ்வறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகப் பாவித்து விசாரிக்க வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. இதற்கெனப் போலீஸ் ஸ்டேஷன்களில் தனிப் பிரிவு அமைக்குமாறு 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் மாகாண சர்க்கார்களுக்குப் பணித்தது. போலீஸார் தம் மூன்று மாதக் கடமையைச் செய்தால், ஏழையின் ஆறு மாதக் கெடு தவறவே தவறாது. சர்க்கார் உத்தியோகஸ்தர் தம் கெடுவைத் தவறவிட்டால் அதற்குத் தண்டனை அடிபட்டவனுக்கா? இதைக் காட்டிலும் விபரீதமான நியாயம் வேறுண்டோ?

ஆகவே நாம் கோருவன இரண்டு. மத்திய சர்க்கார் 1994-ல் செய்ததையே மீண்டும் செய்து, காலவரையறையை நீக்க வேண்டும். அதற்கு மனமில்லையேல், தக்க காரணத்துக்காகத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தையாவது டிரிபியூனல்களுக்குத் தெளிவாக அளிக்க வேண்டும். தமிழ்நாடு சர்க்கார், ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் உரிமைப் படிவம் தமிழில் கிடைக்கிறதா, அறிக்கைகள் உரிய நாளில் டிரிபியூனலை அடைகின்றனவா என்பதை மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும். அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கிய ராஜ்யம் இது. உயிரைக் காத்தவர்கள் அவ்வுயிர் பிழைத்திருக்க வழிசெய்வதற்கும் கடமைப்பட்டவர்கள்.

சட்டம் திருந்தும் வரை நம் ஜனங்கள் வாளாவிருத்தலாகாது. முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கள், மருந்துக் கடைப் பில்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸாரிடம் உரிமைப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். விளங்காத காகிதம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், குடியிருக்கும் ஊருக்குரிய டிரிபியூனலில் மனுச் செய்யலாம். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் தாலூகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். நஷ்டஈடு எவரும் இடும் பிச்சையன்று. சாலையில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் பிரீமியம் கட்டி உங்களுக்காக முன்கூட்டியே வைத்த பணம் அது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஏழைக்குள்ள வழியை நாள் கணக்கால் அடைப்பது சுதந்திர தேசத்துக்கு அழகல்ல.