அரணையைச் சாலமாண்டர் எனலாமா?



இருவாழ்விகளுக்கு எடுத்துக்காட்டு தருக என்றால், "தவளை, சாலமாண்டர்" என நம் மாணவர்கள் தயங்காமல் கூறுவர். சாலமாண்டரைக் கண்டதுண்டா என்று கேட்டால், தோட்டத்தில் ஓடும் அரணையைக் காட்டுவோரும் உளர். மலேசியக் காடுகளில் இயற்கையாக வாழும் சாலமாண்டர் ஓரினம்கூட இல்லை என்பதே உண்மை. தாய்லாந்தின் வடபகுதி மலைகளிலும், இந்தியாவில் டார்ஜிலிங் உள்ளிட்ட கிழக்கு இமயப் பகுதிகளிலும் அதன் உறவினங்களைக் காணலாம்.

நான்கு கால்களும் நீண்ட வாலும் இரண்டிற்கும் பொது. ஆயினும், அரணைக்குப் பளபளக்கும் செதில்களும் விரல் நுனியில் நகங்களும் காதுத்துளையும் உண்டு. சாலமாண்டருக்கோ செதிலும் இல்லை, காதுத்துளையும் இல்லை. அதன் தோல் ஈரமானது. அரணை வெயில் காயும். காட்டுச் சாலமாண்டர் ஈர மரக்கட்டைக்கு அடியில் ஒளியும். காட்டுச் சாலமாண்டர்கள் பலவற்றிற்கு நுரையீரலே கிடையாது. தோலாலும் வாயின் உட்புறத்தாலுமே அவை மூச்சுவிடுகின்றன. ஈரம் வற்றினால் உயிர் போகும். ஆகவே, வாழிடமும் ஓர் அடையாளமே.

நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. வட அமெரிக்காவின் செம்முதுகுச் சாலமாண்டரில், முதுகில் செங்கோடு உள்ளவையும் கோடே இல்லாத கருஞ்சாம்பல் நிறத்தவையும் ஒரே இனமாகும்.

இதனை ஏன் வலியுறுத்துகிறேன்? நம் மண்ணுக்கே உரிய இருவாழ்வி ஒன்றை நாம் மறந்துவிட்டோம். தவளை, சாலமாண்டர் ஆகியவற்றோடு மூன்றாம் பிரிவாக நிற்பது காலில்லாத 'சிசிலியன்'. மலேசியத் தீபகற்பத்தில் இது வாழ்கிறது. ஓடையோரத்து ஈரமண்ணிலும் இலைக்குப்பையின் அடியிலும் புதைந்து கிடப்பதால் கண்ணில் படுவது அரிது. வெளிப்பட்டால், பாம்பென்று எண்ணி அடித்துக் கொல்கின்றனர்.

உற்று நோக்கினால் உண்மை விளங்கும். உடல் நெடுக வளையங்கள்; வழவழப்பான தோல்; சில இனங்களில் பக்கவாட்டில் மஞ்சட்கோடு; கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் நுண்ணிய உணர்கொம்பு. பாம்பைப் போல் புறத்தே செதில் தெரியாது. மண்புழுவுக்கு இல்லாத தாடையும் பற்களும் இதற்குண்டு. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் பெயரால் 1960இல் அறிவிக்கப்பட்ட சிசிலியன் இனம் ஒரேயோர் உடலைக் கொண்டே அறியப்பட்டது. அத்துணை அரிய உயிரையும் அறியாமையால் நசுக்கிவிடக் கூடும் அன்றோ?

அரணை கடித்தால் மரணம் என்ற பழமொழி தீங்கற்ற அரணைக்குத் தந்த தண்டனை போதும். அடுத்த தண்டனையைச் சிசிலியனுக்குத் தர வேண்டா.

எனவே, பெயரை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடாமல் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம்: எங்கே இருந்தது? தோல் எப்படி? உடலமைப்பு எப்படி? அறியாத உயிரைக் கையால் தொடாமல் தொலைவில் நின்று நோக்கவும் கற்பிப்போம். சிசிலியனுக்குக் 'காலிலி' என்பது போன்ற எளிய தமிழ்ப்பெயரை வகுப்பறையில் வழங்கச் செய்யலாம். நாவில் பெயர் நிலைத்த உயிரின்மீது கை ஓங்கச் சற்றேனும் தயக்கம் பிறக்கும்.

அயல்நாட்டு உயிரினங்களை அறிவது நன்றே. முதலில் நம் காலடி மண்ணில் வாழ்வதை அறிவோம்!