ஒழுங்காக்காத ‘ஒழுங்காக்கம்’

மின்மாற்றியின் ‘வோல்டேஜ் ரெகுலேஷன்’ என்பதை ‘மின்னழுத்த ஒழுங்காக்கம்’ எனப் பெயர்த்து, அத்துடன் கடமை முடிந்ததாகக் கருதும் கலைச்சொல்லாக்கம் மாணவருக்குத் துணையன்று, தடை. ‘ஒழுங்காக்கம்’ செய்வோன் ஒருவனை வேண்டும் தொழிற்பெயர். ஆகவே மின்மாற்றி தானே அழுத்தத்தைச் சீர்செய்கிறது என்றும், 2 விழுக்காட்டினும் 5 விழுக்காடு மேலானது என்றும் மாணவர் கொள்வர். உண்மை நேர்மாறானது. இந்தி நூல்களின் ‘நியமன்’ என்பதும் இதே பிழையையே தருகிறது.

அந்த எண் ஆற்றலைக் குறிப்பதன்று. உள்ளீட்டு அழுத்தம் மாறாதிருக்க, சுமையற்ற நிலைக்கும் முழுச்சுமை நிலைக்கும் இடையே வெளியீட்டு அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதே அது. சுருள்களின் மின்தடையும் கசிவு மின்மறுப்பும் அதன் காரணங்கள். அழுத்தத்தை உண்மையில் சீர்செய்வது ‘டேப் சேஞ்சர்’ என்னும் வேறோர் உறுப்பு.

இந்தியத் தெருக்களில் நிற்கும் 11 கிலோவோல்ட் பகிர்மான மின்மாற்றியின் தகட்டில் 433 வோல்ட் எனப் பொறித்திருக்கும். அது சுமையற்ற அழுத்தம். ஒரு கட்டத்துக்கு 250 வோல்ட். மின்தடையின் பங்கு 1.5 விழுக்காடு, மின்மறுப்பின் பங்கு 4 விழுக்காடு எனக் கொள்வோம். திறன் காரணி 1 எனில் முழுச்சுமையில் சரிவு ஏறக்குறைய 1.6 விழுக்காடு. மோட்டார்கள் மிகுந்து அது 0.8 பின்தங்கல் ஆனால் 3.6, 250 வோல்ட் 241 ஆகும். 0.8 முந்தல் எனில் அழுத்தம் சரிவதற்கு மாறாக ஒரு விழுக்காடளவு உயரும். ஒரே மின்மாற்றிக்கு மூன்று விடைகள்! திறன் காரணியைக் கூறாத ‘ரெகுலேஷன்’ பொருளற்றது. தகட்டில் மின்எதிர்ப்பு விழுக்காடு இடம்பெறுவதும், இவ்வெண் இடம்பெறாததும் அதனாலேயே.

ஆங்கிலச் சொல்லே மயக்கம் தருவதுதானே என்பர் சிலர். ஆம், ஆயின் பிறமொழியின் மயக்கத்தைச் சுமந்து வருவது மொழியாக்கத்தின் கடமையன்று. ‘அழுத்தச் சரிவு’ என்பதும் போதாது. முந்தல் நிலையில் அது பொய்க்கும். ‘சுமைவழி அழுத்த மாற்றம்’ பொருந்தும்.

சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. சில நூல்கள் சுமையற்ற அழுத்தத்தாலும், சில முழுச்சுமை அழுத்தத்தாலும் வகுக்கின்றன. எதனால் வகுப்பது, எந்தத் திறன் காரணியில் கணிப்பது என்னும் இரண்டையும் சொல்லாத கலைச்சொல் அகராதி, சொல்லுக்குச் சொல் அடுக்கிய பட்டியலே. அதை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் வெல்லலாம். மின்மாற்றியைத் தெரிவுசெய்யும் நாளில் பெரிய எண்ணையே சுட்டுவார்.